நிரலாளரின் வாரத்துக்குள் எந்தப் பொழுதுபோக்கு அடங்கும்?

மென்பொருள் எழுதிப் பிழைப்பவர்களின் வாரம் எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. திங்கட்கிழமை காலை திட்டமிடல் கூட்டம். செவ்வாயும் புதனும் ஒழுங்காகப் போகும், அல்லது போவதுபோலத் தோன்றும். வியாழக்கிழமை மென்பொருளின் புதிய பதிப்பு வெளியீடு என்றால் புதன் மாலையிலிருந்தே சோதனைக் குழுவினர் பிழைகளை ஒவ்வொன்றாக அனுப்பத் தொடங்குவார்கள். வெள்ளிக்கிழமை புதிய நிரலை வாடிக்கையாளரின் சர்வரில் ஏற்ற யாரும் துணிவதில்லை. ஏற்றினால் சனிக்கிழமை பறிபோகும் என்பது எல்லோருக்கும் தெரியும். வாடிக்கையாளர் கலிபோர்னியாவில் இருந்தால் அவருடைய காலை 9 மணி நமக்குக் கோடையில் இரவு 9.30. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் அதே கூட்டம் நமக்கு 10.30 ஆகிவிடுகிறது. மார்ச் வரை அதுதான் நேரம்.

இதில் மிஞ்சுவது இரண்டு விதமான பொழுது. வார நாட்களில் துண்டு துண்டாகக் கிடைக்கும் கால் மணி, அரை மணி. வார இறுதியில் வீட்டு வேலைகள் போகச் சேர்ந்தாற்போலக் கிடைக்கும் இரண்டு மூன்று மணி நேரம். இதற்குள் எதை வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

பொழுதுபோக்கைத் தேடுகிறவர்கள் வழக்கமாக, எதில் ஆர்வம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். நம் கூட்டத்தாருக்கு அந்தக் கேள்வியால் பயனில்லை. எல்லாவற்றிலும் ஆர்வம் என்பதுதான் நம் தொல்லையே. எந்த நிரலாளரின் மேசை இழுப்பறையைத் திறந்தாலும் பெட்டி பிரிக்காத ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினிப் பலகை ஒன்றும், பாதியில் நின்ற ஏதோ ஒன்றும் கிடக்கும். நான் கேட்கச் சொல்வது வேறு. புதன்கிழமை இரவு அவசரப் பிழை ஒன்று வந்து, அடுத்த பத்து நாள் அதைத் தொடவே முடியாமல் போனால் என்ன ஆகும்? விட்ட இடத்துக்குத் திரும்ப எவ்வளவு நேரம் பிடிக்கும்? அதற்குள் யாராவது நமக்காகக் காத்துக்கொண்டிருப்பார்களா? அதற்கான நேரத்தைக் குறிப்பது நாமா, வேறு எவராவதா? நம்மவர்கள் பெரிதும் நாடும் சில பொழுதுபோக்குகளை இந்தக் கேள்விகளை வைத்தே எடைபோடுகிறேன்.

முதலில் போட்டி நிரலாக்கம், அதாவது குறித்த நேரத்துக்குள் நிரல் எழுதிக் கணக்குகளைத் தீர்க்கும் இணையப் போட்டிகள். கல்லூரியில் தொட்டவர்கள் விடமாட்டார்கள். வேலை மாற நினைப்பவர்கள் புதிதாகத் தொடுவார்கள். இதன் சிக்கல் முழுவதும் கடிகாரத்தில் இருக்கிறது. கோட்ஃபோர்சஸ் தளத்தின் போட்டிகள் பெரும்பாலும் மாஸ்கோ நேரப்படி மாலை 5.35க்குத் தொடங்கும், நமக்கு இரவு 8.05. இரண்டு மணி நேரப் போட்டி என்றால் 10.05 வரை. நடுவில் அந்த 9.30 மணிக் கூட்டம் வந்து நிற்கும். ஒரு தீர்வைக்கூட அனுப்பாவிட்டால் பங்கேற்றதாகவே கணக்கில்லை. ஒன்றை அனுப்பிவிட்டால் பாதியில் எழுந்து போனாலும் தரப்புள்ளி கணக்கிடப்படும். தரப்புள்ளிக்கு ஏற்ப அங்கே பெயரின் நிறம் மாறும். அரும்பாடுபட்டு 1600 புள்ளியைத் தொட்டு நீலப் பெயர் வாங்கியவருக்கு, வாடிக்கையாளரின் ஒரு தொலைபேசி அழைப்பால் அது வெளிர்நீலமாக இறங்குவதைப் பார்ப்பது சிறிய வேதனை இல்லை. கோட்செஃப் வாராந்திரப் போட்டி புதன்கிழமை இரவு 8 மணிக்கு. வியாழக்கிழமை வெளியீடு உள்ளவருக்கு வாரத்திலேயே மோசமான இரவு அது.

வார இறுதிப் போட்டிகள் மேல். லீட்கோட் வாரப்போட்டி ஞாயிறு காலை 8 மணிக்கு. ஒன்றரை மணி நேரம், நான்கு கணக்குகள். ஜப்பானின் ஆட்கோடர் தளத்தில் தொடக்கநிலைப் போட்டி வழக்கமாகச் சனிக்கிழமை அவர்களுடைய இரவு 9 மணிக்கு, அதாவது நமக்கு மாலை 5.30க்கு, 100 நிமிடத்தில் முடிந்துவிடும். ஏழரைக்குள் குடும்பத்தோடு வெளியே கிளம்பிவிடலாம். இந்த வரிசையில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் என் வாக்கு இதற்குத்தான். வினாக்கள் சுருக்கமானவை, கதை அளக்காதவை; போட்டி முடிந்ததும் விளக்கவுரையும் வந்துவிடும்.

ஐந்து நாள் நிரல் எழுதிவிட்டு ஆறாம் நாளும் நிரலா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் பலர் ஐந்து நாளும் நிரல் எழுதுவதில்லை. கூட்டங்களில் உட்காருகிறோம், அமைப்புக் கோப்புகளைத் திருத்துகிறோம், யாரோ எட்டு வருடங்களுக்கு முன் எழுதிவிட்டுப் போனதை அவிழ்க்கிறோம். தேவை என்ன என்பதே பாதி வாரம் தெளிவாகாது. அப்படிப்பட்டவருக்கு, உள்ளீடு இது, வெளியீடு இது, வரம்பு இது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடும் ஒரு கணக்கு உண்மையான ஓய்வு. அலுவலகத்தில் நாள் முழுவதும் அல்காரிதத்தோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அது ஓய்வாகாது. அவர் இதைத் தாண்டிப் போய்விடலாம்.

இதே குடும்பத்தில் சாதுவான ஒன்று, ‘அட்வென்ட் ஆஃப் கோட்’. எரிக் வாஸ்ட்ல் 2015இல் தொடங்கிய டிசம்பர்ப் புதிர் வரிசை. அமெரிக்கக் கிழக்குக் கரையின் நள்ளிரவில், நமக்குக் காலை 10.30க்கு, புதிர் திறக்கும். பல அலுவலகங்களில் அது தினசரி நின்றபடி பேசும் கூட்டத்தின் நேரம் என்பதால் முந்திக்கொண்டு விடை அனுப்பும் ஆசையை இந்தியர்கள் ஆரம்பத்திலேயே கைவிட்டுவிடலாம். அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. புதிர்கள் மூடப்படுவதில்லை, டிசம்பர் புதிரை ஜூலையில் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும். 25 நாள் ஓடிக்கொண்டிருந்ததை 2025இல் 12 ஆகக் குறைத்து, உலகத் தரவரிசைப் பட்டியலையும் எடுத்துவிட்டார்கள். தன் ஓய்வு நேரத்தில் இதைத் தயாரிக்கும் ஒருவர் எடுத்த முடிவு அது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அடுத்தது திறமூலத் திட்டங்கள், அதாவது நிரலை எவரும் பார்க்கவும் திருத்தவும் திறந்துவைத்த மென்பொருள்கள். நம் தொழிலில் இதற்கு இருக்கும் மரியாதை வேறு எதற்கும் இல்லை. 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பின்னர் லினக்ஸ் என்று பெயர்பெற்ற தன் இயங்குதளத்தை அறிவித்தபோது, இது வெறும் பொழுதுபோக்குதான், பெரிதாக ஒன்றும் வராது என்ற பொருளில் எழுதினார் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அந்தக் கதையைச் சொல்லித்தான் இளைஞர்களை இதற்குள் இழுக்கிறார்கள். ஆனால் முடிவெடுக்கும்முன் படிக்க வேண்டிய கதை 2024 மார்ச் மாதத்தினுடையது.

லினக்ஸ் உலகில் எங்கும் பயன்படும் எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரல்தொகுப்பைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டவர் லாசே காலின். புதிய பதிப்பு எப்போது, அனுப்பிய திருத்தத்தை ஏன் இன்னும் சேர்க்கவில்லை என்று 2022இல் ஆளாளுக்கு நெருக்கினார்கள். இது ஊதியமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் பதில் எழுத வேண்டியிருந்தது. உதவ முன்வந்த ஒருவருக்கு மெல்ல மெல்லப் பொறுப்பு போயிற்று. உதவிக்கு வந்த அந்தக் கைதான் பின்னாளில் நிரலுக்குள், அந்நியர் கணினிக்குள் நுழைய வழிவிடும் கள்ளக்கதவு வைத்தது. ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று தோண்டிப் பார்த்ததால்தான் மார்ச் 29 அன்று அது வெளியே வந்தது. கள்ளக்கதவின் நுட்பத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். எனக்கு அந்த 2022 கடிதப் போக்குவரத்துதான் முக்கியமாகத் தெரிகிறது. மாலை நேரத்தில் நாம் விரும்பிச் செய்யும் ஒன்றின் மீது முன்பின் தெரியாதவர்கள் கெடு வைக்க ஆரம்பித்தால் அது இரண்டாவது வேலை. இந்த வேலைக்குச் சம்பளமும் இல்லை, விடுப்பு விண்ணப்பிக்க மேலாளரும் இல்லை.

எனவே இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடுத்தவர் திட்டத்தில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்புவது ஒரு வகை. ஆவணத்தில் தவறான வரியைச் சரிசெய்வது, நமக்கே இடித்த ஒரு குறையை நீக்குவது போன்றவை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும். அனுப்பிய பிறகு காத்திருப்பது நாம்தான், நமக்காக எவரும் காத்திருப்பதில்லை. சொந்தத் திட்டத்தை வெளியிட்டுப் பராமரிப்பது மற்றொரு வகை. வெளியீட்டுக் கெடு உள்ள வேலையில் இருப்பவர், பத்துப் பேருக்கு மேல் பயன்படுத்தக்கூடிய எதையும் வெளியிடுவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். பணி ஒப்பந்தத்தையும் ஒரு தடவை எடுத்துப் படியுங்கள். வேலையில் இருக்கும் காலத்தில் எழுதும் நிரல் யாருக்குச் சொந்தம் என்று அதில் ஒரு பத்தி இருக்கும். கையெழுத்துப் போட்ட அன்று யாரும் அதைப் படிப்பதில்லை.

நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகைகளுக்கு வருகிறேன். எனக்கு இதில் ஒருதலைப்பட்சமான பாசம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; தள்ளுபடி செய்துகொண்டு படியுங்கள். 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் ஆர்டுயினோ பிறந்தது. 2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்பெர்ரி பை வந்தது. 2016இல் சீனாவின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்த ஈஎஸ்பி32 சில்லைக் கொண்டுவந்தது. இன்று அந்தப் பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சென்னைக்காரர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிட்சி தெரு, பெங்களூரில் எஸ்.பி. சாலை, மும்பையில் லாமிங்டன் சாலை. ரிட்சி தெருவில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். நமக்கு ஓய்வு கிடைப்பதும் அன்றுதான். ஆகவே வாங்குவதற்குச் சனிக்கிழமை, செய்வதற்கு ஞாயிறு என்று முன்னமே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பொழுதுபோக்கின் ருசியைச் சொல்ல ஓர் எடுத்துக்காட்டு. மொட்டை மாடித் தொட்டிச் செடிகளின் மண் ஈரத்தை அளந்து, காய்ந்தால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் சிறு கருவி. ஓர் ஈஎஸ்பி32 பலகை, ஒரு கெப்பாசிட்டர் வகை ஈர உணரி, மூன்று ஜம்பர் ஒயர் போதும். மின்தடையை அளக்கும் வகை இதைவிட மலிவு, ஆனால் ஈர மண்ணில் மின்சாரம் பாய்ந்து அதன் கால்கள் அரித்துப்போகும். உணரியின் வெளியீட்டைப் பலகையின் 26ஆம் பின்னில் (இணைப்பு ஊசியில்) செருகி நிரலை ஏற்றினால் திரையில் எண்கள் ஓடும். காற்றில் ஒரு மதிப்பு, தண்ணீர்க் குவளையில் முக்கினால் வேறு மதிப்பு. உற்சாகத்தோடு வைஃபை இணைப்புக்கான நாலு வரியைச் சேர்த்ததும் அளவீடு செத்துவிடும். நிரலை எத்தனை தடவை படித்தாலும் பிழை அகப்படாது, ஏனென்றால் பிழை நிரலில் இல்லை. அந்தச் சில்லுக்குள் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதிகள் இரண்டு. வைஃபை ஓடும்போது இரண்டாவதைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. 26ஆம் பின் அந்த இரண்டாவதைச் சேர்ந்தது. ஒயரைப் பிடுங்கி 34இல் செருகி, நிரலில் எண்ணை மாற்றி ஏற்றினால் அளவுகள் திரும்பி வந்துவிடும். வாரம் முழுவதும் திரைக்குள் மட்டுமே பிழை தேடிய ஒருவருக்கு, கையால் பிடுங்கிச் செருகித் தீர்க்கும் பிழை தரும் மகிழ்ச்சி தனிரகம்.

விலை என்ன? பணம் சொற்பம். இடம்தான் பெரிய செலவு. இந்த வேலைக்கு ஒழித்துவைக்கத் தேவையில்லாத ஒரு மேசை வேண்டும். பிரெட்போர்டும் மல்டிமீட்டரும் சாப்பாட்டு மேசையில் இருந்தால், “தட்டு வைக்க இடமில்லையே, இதையெல்லாம் எப்போதடா எடுப்பாய்?” என்று அம்மா கேட்பது நியாயம்தான். ஒவ்வொரு தடவையும் கடைபரப்பி மூட்டை கட்டினால் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் அரை மணி அதற்கே போய்விடும். சால்டரிங் (உருக்கிய ஈயப்பற்றால் ஒட்டுவது) செய்வதாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வழக்கமான 60-40 ஈயப்பற்றில் காரீயம் இருக்கிறது; ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கைக்குழந்தை தவழும் அறையில் செய்யவே கூடாது. பத்து நாள் விட்டுத் திரும்பினால் எந்த ஒயர் எங்கே போகிறது என்பது மறந்திருக்கும். அதற்கு மருந்து எளிது. எழுந்திருக்கும்முன் கைப்பேசியில் ஒரு படம், நிரலின் தலைப்பில் பின் எண்களின் பட்டியல். இதைச் செய்பவருக்கு மீண்டும் தொடங்கப் பத்து நிமிடம் போதும். செய்யாதவர் ஞாயிறு முழுவதையும் கண்டுபிடிப்பதிலேயே கழிப்பார். இன்னொன்று: பலகை கணினியில் தெரியவே இல்லை என்றால் மென்பொருளைக் குறை சொல்லும்முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். மலிவான கேபிள்கள் சிலவற்றில் மின்சாரம் ஏறுவதற்கான கம்பிகள் மட்டுமே இருக்கும், தகவல் போகும் கம்பி இருக்காது.

சதுரங்கத்தை இந்தப் பட்டியலில் சேர்க்காமல் விட முடியாது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில், சென்னைப் பையன் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனதிலிருந்து அலுவலக உணவகத்தில்கூடப் பேச்சு அதுதான். 2010இல் தொடங்கிய லிசெஸ் தளம் முழுவதும் இலவசம், விளம்பரம் கிடையாது, அதன் நிரலும் திறந்தே கிடக்கிறது. என் அளவுகோலில் சதுரங்கம் விநோதமான மதிப்பெண் வாங்குகிறது. தொடங்கத் தயாரிப்பே வேண்டாம், பத்து நாள் விட்டாலும் ஒன்றும் கெடாது. நிறுத்துவதுதான் கடினம். மூன்று நிமிட ஆட்டத்தில் தோற்றுத் தரப்புள்ளி எட்டு குறைந்ததும், அதை மீட்காமல் படுப்பதில்லை என்று உட்காருவோம். 10.30 மணிக் கூட்டம் முடிந்து, மூளை சூடாக இருக்கும் நேரத்தில் விரைவு ஆட்டத்தைத் தொட்டால் உறக்கம் ஒன்றரைக்குத்தான். விளையாட விரும்புகிறவர்கள் அஞ்சல்முறை ஆட்டத்தைப் பிடிக்கலாம். ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாளிலிருந்து 14 நாள் வரை தவணை வைத்துக்கொள்ளும் வசதி அங்கே இருக்கிறது. நீண்ட தவணையாக வைத்துக்கொண்டால் வெளியீட்டு வாரத்தையும் அது தாங்கும்.

ரூபிக் கனசதுரம் இதற்கு நேர் எதிர். எழுதிய நிரலைக் கணினி தொகுக்கும், அதாவது பில்டு ஓடும் நாலு நிமிடத்தில் எடுத்து, முடித்து, வைத்துவிடலாம். வேகமாகத் தீர்ப்பவர்கள் பின்பற்றும் முறையில் கடைசி அடுக்குக்கு மட்டும் 57, 21 என்று மொத்தம் 78 நகர்த்தல் தொடர்கள் உண்டு என்று கேட்டதும் பலர் மிரண்டுவிடுகிறார்கள். அவற்றை இரண்டிரண்டு படியாகப் பிரித்துக்கொண்டால் 16 போதும். வாரத்துக்கு ஒரு தொடர் என்று விரலில் ஏற்றினால் நாலு மாதத்தில் முடிந்துவிடும். எந்த நிலையிலிருந்தும் 20 நகர்த்தலுக்குள் தீர்க்கலாம் என்பதை 2010இல் கணினிகளைக் கொண்டு நிறுவினார்கள். அதை அறிந்திருப்பதால் நம் வேகம் ஒன்றும் கூடாது, ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு அது பிடிக்கும். கூட்டத்தில் மைக்கை அணைத்துவிட்டுத் திருப்புங்கள். சத்தம் நன்றாகவே கேட்கும். இதன் குறை, ஓர் அளவுக்கு மேல் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போவது. இரண்டு மணி நேரம் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுக்க எனக்கு மனம் வராது.

வானியலும், தனியாட்கள் பொழுதுபோக்காக வானலையில் உரையாடும் ஹாம் வானொலியும் பெயரளவில் மிகவும் கவர்ச்சியானவை. இரண்டுமே நம் வாரத்துக்கு ஒத்துவராதவை. வானியலில் நேரத்தைக் குறிப்பது வானம். நிலவில்லாத இரவும், மேகமில்லாத இரவும், மறுநாள் விடுமுறையும் ஒன்றுசேர வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சென்னை, பெங்களூரு வெளிச்சத்தில் கோள்களையும் நிலவையும் தாண்டி அதிகம் தெரியாது. இந்திய வானியற்பியல் கழகம் 2.34 மீட்டர் தொலைநோக்கியை ஜவ்வாது மலையில் காவலூரில் கொண்டுபோய் வைத்ததே இருட்டுக்காகத்தான். ஆண்டுக்கு இரண்டு மூன்று பயணமாக, நண்பர்களோடு வைத்துக்கொள்ளலாம். வாரத்துக்குள் திணிக்க முயல வேண்டாம். ஹாம் வானொலிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வும் உரிமமும் வேண்டும். தேர்வுக்குப் படிப்பது நல்ல அனுபவம். ஆனால் உரையாடும் நேரம் மற்றவர்களுக்கும் வசதிப்பட வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் நிறைந்த அவையில் இரவு 9.30க்கு நீங்கள் வேறு கூட்டத்தில் இருப்பீர்கள்.

கடைசியாக, பெரும்பாலான நிரலாளர்கள் எண்ணிப் பார்க்காத ஒன்று. தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் மெய்ப்புப் பார்ப்பது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் ஸ்கேன் பிரதிகள் அங்கே ஏராளமாகக் கிடக்கின்றன. இடப்பக்கம் எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தை அறியும் மென்பொருள்) படித்துக் கொடுத்த உரை, வலப்பக்கம் அச்சுப் பக்கத்தின் படம். ஒப்பிட்டுத் திருத்தி, பக்கத்தின் நிலையைச் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாற்ற வேண்டும். வேறொருவர் மறுபடி பார்த்துப் பச்சையாக்குவார். நாம் மஞ்சளாக்கியதை நாமே பச்சையாக்க முடியாது. நம் அலுவலகத்தில் நிரலை மற்றொருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே சேர்ப்பார்களே, அதே ஒழுங்கு. ஆனால் இங்கே எவரும் நச்சரிப்பதில்லை. இன்று மஞ்சளான பக்கம் அடுத்த வருடம் பச்சையானாலும் யாருக்கும் இழப்பில்லை.

இதில் நுட்பமான வேட்டை ஒன்று ஒளிந்திருக்கிறது. துணைக்காலையும் ரகரத்தையும் எழுத்துணரி குழப்பிக்கொள்ளும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில், லை, னை, ணை போன்றவை கொம்பு வளைந்த பழைய உருவத்தில் இருக்கும். அங்கே அது தடுமாறும். எனக்கு மிகவும் பிடித்தது ஔகாரம். ஔவையாரை அது ஒகரமும் ளகரமுமாகப் பிரித்து ஒளவையார் என்று எழுதிவைக்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கணினியின் எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடின் சீராக்கமும் இதைத் திருத்தாது. ஔகாரத்தின் வலப்பாதிக்கென்று தனிக் குறியீடு இருக்கிறது, ளகரம் வேறு குறியீடு. ஆகவே ஔவையாரைத் தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் அகப்படாது. இதைக் கண்டுபிடிக்க பைத்தான் என்ற நிரல்மொழியில் பத்து வரி எழுதினால் ஒரு முழு நூலையும் சலித்துவிடலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றினால், ஒளவையாரோடு சேர்ந்து ஒளியும் ஔியாகிவிடும். விதிவிலக்குகளை யோசித்து எழுத வேண்டிய அந்தப் பத்து வரியில் நம் தொழில் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். பக்கம் முடிந்தால் வேலை முடிந்தது. தலையில் சுமக்க ஒன்றுமில்லை. பத்து நாள் கழித்து வந்தால் அடுத்த பக்கம் அப்படியே இருக்கும். செலவு ஏதுமில்லை. எல்லோரும் மறந்துபோன ஒரு நூலை வரிவரியாகப் படித்திருப்போம் என்பது கூடுதல் வரவு. கண்ணுக்கு ஓய்வில்லை என்பது உண்மையான குறை. பகலெல்லாம் திரை, இரவிலும் திரை. முதுகும் கண்ணும் கெஞ்சுகிறவர்கள் இதை வார நாளில் ஒரு பக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆக, என் தேர்வு இப்படி அமைகிறது. சாதாரண வாரத்தில் இரவுத் துண்டுகளுக்கு விக்கிமூலப் பக்கம், ஞாயிறு காலைக்கு மின்னணுப் பலகை. வெளியீட்டு வாரத்திலும், நள்ளிரவு அழைப்புக்குப் பொறுப்பேற்கும் வாரத்திலும் பலகையை எடுப்பதே இல்லை. மேசையில் கனசதுரம் மட்டும். கூட்டங்களே வேலையாகிப்போன மேலாளர்களுக்கு முதலிடத்தில் ஆட்கோடரை வைப்பேன். அவர்கள் கை நிரலுக்கு ஏங்கிப்போயிருக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டில் முதல் இரண்டு வருடம் சால்டரிங் அயர்னைப் பரணில் போட்டுவிட்டு, விக்கிமூலத்தோடும் அஞ்சல்முறைச் சதுரங்கத்தோடும் காலம் தள்ளலாம். வேலை தேடுபவருக்கு லீட்கோட் ஞாயிறு போட்டி பயன்படும். அதைப் பொழுதுபோக்குக் கணக்கில் எழுதாமல் வேலைக் கணக்கிலேயே எழுதிக்கொள்வது நேர்மை.

சொந்தமாக ஒரு திறமூலத் திட்டம் வேண்டும் என்ற ஆசை அப்படியும் போகாதவர்களுக்கு ஆண்டில் ஒரு வாரம் இருக்கிறது. டிசம்பர் கடைசி வாரம் அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் விடுப்பில் போய்விடுவார்கள். பல நிறுவனங்களில் அந்நாட்களில் புதிய நிரல் எதையும் ஏற்றக் கூடாது என்று தடையே இருக்கும். 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆம்ஸ்டர்டாமில் அலுவலகம் பூட்டியிருந்தபோது, அந்த வாரத்தைக் கழிக்க ஒரு பொழுதுபோக்கு வேண்டுமே என்று கைடோ வான் ரோசம் எழுத ஆரம்பித்ததுதான் பைத்தான். முதல் பதிப்பு 1991 பிப்ரவரியில்தான் வெளியே வந்தது. அந்த ஓராண்டுக்கும் மேலான இடைவெளியை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் தொடங்கி, ஜனவரி முதல் திங்கட்கிழமைக்கு முந்தைய இரவு, எதுவரை வந்திருக்கிறது, அடுத்து என்ன என்று திட்டத்தின் குறிப்புக் கோப்பான ரீட்மீயில் நாலு வரி எழுதி மூடிவைத்துவிடுங்கள். வெளியிடும் பொத்தானை மட்டும் அழுத்த வேண்டாம்.